ஜாக்காவை வெளியே இருத்தலாமா? சுவிஸ் மத்தியகளமும் அதற்குள் இருக்கும் போரும்

டிசம்பர் 5ஆம் திகதி இரவு பத்தரை மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் விழித்திருந்தது நான் மட்டும்தான். வோஷிங்டனில் 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கான குழுக்களைக் குலுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் கனடா ஏற்கெனவே பி குழுவில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே குழுவுக்குள் சுவிற்சர்லாந்தும் விழுந்தது. அடுத்த நிமிடமே தொலைபேசி அடித்தது. ஒரு பக்கம் ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் மகன், மறுபக்கம் பேர்ண் பக்கத்தில் இருக்கும் அக்கா குடும்பம். நடுவில் யாழ்ப்பாணத்தில் நான், நடுவராக.

கனடா அண்ணாவுக்குப் பெரிய உதைபந்தாட்டப் பைத்தியம் கிடையாது. கொஞ்ச நேரம் சீண்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். உண்மையான சண்டை அக்கா வீட்டுக்குள்தான் நடந்தது. அத்தான் 1991இல் சுவிசுக்குப் போனவர். முப்பது வருடத்துக்கும் மேலாக உணவகச் சமையலறைகளில் நின்ற கால்கள் அவருடையவை. மருமகனுக்கு வயது 17. தன் ஊர்க் கழகத்தில் மத்தியகளத்தில் விளையாடுகிறான். அவன் சொன்னது இதுதான்: “கனடாக்காரர் ஓடுற ஓட்டத்துக்கு ஜாக்காவால திரும்பேலாது மாமா. அவரை வெளியில இருத்தோணும். யஷாரியும் மன்ஸாம்பியும் காணும்.”

அத்தான் தொலைபேசியைப் பறித்தார். “தம்பி, ஜாக்காவை இருத்திப்போட்டு விளையாடுற அணிய நான் பாக்க மாட்டன். உவனுக்கு என்ன தெரியும்? ஜாக்காண்ட தேப்பன் மறியல்ல இருந்தவர்.”

இது உதைபந்தாட்டக் காரணமே இல்லை என்று மருமகன் கத்தியது எனக்குக் கேட்டது. அவன் சொன்னது சரி. ஆனால் சுவிஸ் அணியின் மத்தியகளத்தைப் பற்றி உதைபந்தாட்டக் காரணங்களை மட்டும் வைத்துப் பேசியவர்கள் கடந்த இருபது வருடத்தில் மிகக் குறைவு. அதனால்தான் அந்தச் சண்டையை அன்றிரவோடு விட்டுவிட என்னால் முடியவில்லை.

முதலில் பந்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நம் ஊர் வர்ணனையாளர்கள் ஆங்கிலேயரைப் பின்பற்றி ஷாக்கா என்பார்கள். அல்பேனிய உச்சரிப்பில் கிரானிட் ஜாக்கா. 1992 செப்ரெம்பரில் பாசல் நகரில் பிறந்தவர். உலகக் கிண்ணம் தொடங்கும்போது அவருக்கு 33 வயது. சுவிஸ் அணிக்கு அவரைவிட அதிக போட்டிகளில் விளையாடியவர் எவரும் இல்லை. எண்ணிக்கை 140ஐத் தாண்டிவிட்டது. 2023-24 பருவத்தில் ஜேர்மனியின் லெவர்குசன் கழகம் ஒரு லீக் போட்டியில்கூடத் தோற்காமல் தன் முதலாவது சம்பியன் பட்டத்தை வென்றபோது அதன் மத்தியகளத்தில் நின்றவர். இப்போது இங்கிலாந்தில், மேல்பிரிவுக்குப் புதிதாக உயர்ந்து வந்த சண்டர்லேண்ட் கழகத்தின் தலைவர்.

அவர் வேகமாக ஓடுபவர் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததும் இல்லை. பின்களத்திலிருந்து பந்தை வாங்குவது, இடதுகாலால் மறுபக்கத்துக்குத் திருப்புவது, ஆட்டத்தைத் தணிப்பது, வேண்டிய நேரத்தில் கிளப்புவது, இவைதான் அவருடைய வேலை. பக்கத்தில் ஓடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பல வருடங்களாக அந்த ஆள் ரெமோ ஃப்ரொய்லர். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் இந்த இருவரும் சேர்ந்து இத்தாலியின் மத்தியகளத்தை மூச்சுவிட விடவில்லை. 2-0 என்று வென்ற அந்தப் போட்டியின் முதல் கோல் ஃப்ரொய்லருடையது. காலிறுதியில் இங்கிலாந்திடம் பெனால்டி உதைகளில்தான் வெளியேறினார்கள்.

ஜாக்கா இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தான் எப்போதும் எடுத்துவிடும் உதாரணம் 2021. ஜூன் 28, புக்கரெஸ்ட். உலகச் சம்பியனான பிரான்சை 3-3 என்று இழுத்துப் பெனால்டி உதைகளில் வெளியேற்றிய போட்டி. ஜாக்கா தன் வாழ்நாளில் ஆடிய ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்று சொல்பவர்கள் பலர். ஆனால் மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் அடுத்த போட்டியில் அவருக்குத் தடை. ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் அவருடைய இடத்தில் டெனிஸ் சக்காரியா இறங்கினார். எட்டாவது நிமிடத்தில் ஜோர்டி அல்பா அடித்த பந்து சக்காரியாவின் காலில் பட்டுத் திரும்பிச் சொந்த வலைக்குள் போனது. 77ஆவது நிமிடத்தில் ஃப்ரொய்லர் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேருடன் மேலதிக நேரம் முழுதும் தாக்குப்பிடித்து, பெனால்டி உதைகளில் தோற்றார்கள். “ஜாக்கா இருந்திருந்தா அரையிறுதி” என்று அத்தான் இப்போதும் சொல்கிறார். சக்காரியாவின் காலில் பட்ட பந்து ஜாக்காவின் காலிலும் பட்டிருக்கலாம் என்று மருமகன் சொன்னால் வீட்டில் சாப்பாடு நின்றுபோகும்.

மருமகனிடமும் ஆதாரம் இருக்கிறது. 2024 இலையுதிர் காலத்தில் நேஷன்ஸ் லீக்கில் ஆறு போட்டிகளில் ஒன்றையும் வெல்லாமல் சுவிஸ் மேல்பிரிவிலிருந்து இறங்கியது. அணியைப் புதுப்பிக்க வேண்டும் என்று அப்போது ஊரே சொன்னது. பயிற்றுவிப்பாளர் முராத் யாக்கின் உண்மையிலேயே புதுப்பித்தார். 2025 ஜூனில் அமெரிக்காவுக்கு எதிராக 4-0 என்று வென்றபோது கோலடித்தவர்களில் ஒருவர் ஜெனீவாப் பையன் ஜொகான் மன்ஸாம்பி, அப்போது 19 வயது. தகுதிகாண் சுற்றில் சுவீடனுக்கு எதிரான இரண்டு போட்டிகளிலும் மாற்று வீரராக வந்து கோலடித்தார். பந்தோடு ஓடி எதிரணியின் வரிசையை உடைக்கும் ஒருவர் அந்த மத்தியகளத்துக்குப் பல வருடங்களாகக் கிடைக்கவில்லை. அடுத்தவர் ஆர்டொன் யஷாரி. பெல்ஜியத்தில் 2024-25 பருவத்தின் சிறந்த வீரர் என்று தெரிவாகி, ஏசி மிலானுக்குப் போனவர். போன கையோடு காலெலும்பு முறிந்து மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அதே நேரம், ஜாக்காவைத் தலைவராக வைத்துக்கொண்டுதான் சுவிஸ் தகுதிகாண் சுற்றின் ஆறு போட்டிகளில் 14 கோல்களை அடித்து இரண்டை மட்டும் வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மருமகன் இந்தக் கணக்கை விரும்புவதில்லை.

பந்தை மட்டும் வைத்துப் பேசினால் விவாதம் இவ்வளவுதான். உலகில் எந்த நாட்டிலும் எந்தத் தேநீர்க் கடையிலும் நடக்கக்கூடியது. வயதான தளபதியா, வேகமான பையனா என்ற கேள்வி.

ஆனால் அத்தான் சொன்ன மறியல்?

ஜாக்காவின் தந்தை ராகிப் ஜாக்கா பிறிஸ்டினாவில் பல்கலைக்கழக மாணவராக இருந்தவர். 1986இல் பெல்கிரேட் அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கைதானார். ஆறு வருடத் தண்டனையில் மூன்றரை வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் மனைவியோடு சுவிசுக்குப் போனார். பிள்ளைகள் இருவரும் பாசலில்தான் பிறந்தார்கள். மாணவன், ஆர்ப்பாட்டம், சிறை, பிறகு ஐரோப்பாவுக்கு ஒரு பயணம். இந்த வரிசையை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அத்தானின் நண்பர்களில் பாதிப்பேரின் கதை இதே வரிசையில்தான் போகிறது.

எண்பதுகளில் சுவிசுக்குத் தமிழர்கள் போகத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் அங்கே பத்திரிகைகளிலும் ரயில் நிலையங்களிலும் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பிறகு யூகோஸ்லாவியா உடைந்தது. கொசோவோ அல்பேனியர்கள் பெருந்தொகையாக வந்தார்கள். அந்தச் சந்தேகப் பார்வை மெல்ல அவர்கள் பக்கம் திரும்பியது. “அவங்கள் வந்தாப் பிறகுதான் நாங்கள் நல்ல பிள்ளையள் ஆனம்” என்று அத்தான் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிக்கக்கூடிய விசயமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பார்வையோடுதான் அவர்களுடைய பிள்ளைகள் தேசிய அணிக்குள் போனார்கள். வலொன் பெஹ்ராமி மித்ரோவிச்சாவில் பிறந்தவர். ஐந்து வயதில் டிச்சினோ மாநிலத்துக்கு வந்தார். அவருடைய குடும்பத்தைத் திருப்பி அனுப்ப இருந்தபோது ஊர்மக்கள் கையொப்பம் திரட்டி நிறுத்தினார்கள். பிறகு அந்தப் பையன் நான்கு உலகக் கிண்ணங்களில் சுவிஸ் மத்தியகளத்தில் ஓடினார். ஜெர்தான் ஷகிரி ஜிலானில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் லென்ஸ் நகரில் சுவிசும் அல்பேனியாவும் மோதியபோது, சுவிஸ் மத்தியகளத்தில் கிரானிட் ஜாக்கா, அல்பேனிய மத்தியகளத்தில் அவருடைய அண்ணன் தௌலாந்த் ஜாக்கா. தாயார் பாதி சுவிஸ், பாதி அல்பேனியக் கொடி போட்ட மேற்சட்டையோடு பார்வையாளர் வரிசையில் இருந்தார்.

அதே 2016 மே மாதம் கொசோவோவை ஐரோப்பிய, சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனங்கள் அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டன. ஜாக்காவும் ஷகிரியும் அங்கே போவார்களா என்று எல்லாரும் கேட்டார்கள். போகவில்லை. சுவிசுக்காகவே தொடர்ந்து விளையாடினார்கள். அதற்காக அங்கே ஒருவரும் பூமாலை போட்டதாக எனக்கு நினைவில்லை.

2018 ஜூன் 22, கலினின்கிராட். சேர்பியாவுக்கு எதிரான போட்டி. ஐந்தாவது நிமிடத்தில் சேர்பியா முந்தியது. 52ஆவது நிமிடத்தில் ஜாக்கா தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். 90ஆவது நிமிடத்தில் ஷகிரி வெற்றிக் கோலை அடித்தார். இருவரும் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகப் பிணைத்து இரட்டைத் தலைக் கழுகைக் காட்டினார்கள். அல்பேனியக் கொடியில் இருக்கும் கழுகு அது. சர்வதேசச் சம்மேளனம் இருவருக்கும் தலா 10,000 சுவிஸ் பிராங் தண்டம் விதித்தது. அவர்களோடு சேர்ந்து அதே சைகையைச் செய்த அணித்தலைவர் லிச்ஸ்டைனருக்கு 5,000. அவருக்கு அல்பேனிய வேர் எதுவும் இல்லை. தோழர்களுக்காகச் செய்தார்.

ஒரு கைச்சைகைக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். நவம்பர் மாதத்தில் இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஆகவே நம் ஆட்கள் அந்தக் கழுகைப் பார்த்துப் புல்லரித்ததில் எனக்கு வியப்பு இல்லை. எனக்கும் புல்லரித்தது. ஆனால் அதன் அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுவிசில் சேர்பியர்களும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே கழகங்களில்தான் விளையாடுகிறார்கள். 1999 ஜூனுக்குப் பிறகு கொசோவோவிலிருந்து சேர்பியக் குடும்பங்களும் ரோமா மக்களும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓட வேண்டிவந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று சுவிஸ் சிவப்புச் சட்டையோடு தொலைக்காட்சியின் முன்னால் இருந்து அந்தச் சைகையைப் பார்த்திருக்கக்கூடும்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. சுவிஸ் உதைபந்தாட்டச் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த அலெக்ஸ் மீஷர், இரட்டைப் பிரசாவுரிமை உள்ள வீரர்கள் நமக்கு வேண்டுமா என்ற கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பினார். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சங்கம் வருத்தம் தெரிவித்தது. சில வாரங்களில் அவர் பதவியை விட்டுப் போவதாக அறிவிக்கப்பட்டது. அதே ஓகஸ்ட் மாதத்தில் அப்போதைய பயிற்றுவிப்பாளர் விளாடிமிர் பெட்கோவிச் பெஹ்ராமிக்குத் தொலைபேசி எடுத்து, இனி உங்களை அணியில் சேர்க்கும் எண்ணம் இல்லை என்று சொன்னார். நான்கு உலகக் கிண்ணம் ஆடியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பெஹ்ராமி மனம் உடைந்து தேசிய அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 33.

பெட்கோவிச் சரயேவோவில் பிறந்தவர். பயிற்றுவிப்பாளராகப் பெயர் எடுக்கும் முன் டிச்சினோவில் கரித்தாஸ் நிறுவனத்தில் வேலையற்றோருக்கு உதவும் பணியில் இருந்தவர். குடியேறியவர்களைப் பிடிக்காதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. பெஹ்ராமியின் கால்கள் தளர்ந்திருந்தன, காயங்கள் கூடியிருந்தன, இளையவர்கள் காத்திருந்தார்கள். உதைபந்தாட்டக் காரணம் எல்லாமே சரி. ஆனால் கழுகு விவகாரம் முடிந்து சில வாரங்களிலேயே, கொசோவோவில் பிறந்த மூத்த மத்தியகள வீரர் ஒருவரை வெளியே விட்டால், அது வெறும் உதைபந்தாட்ட முடிவு என்று யார் நம்புவார்? எங்கள் அத்தான் இன்றும் நம்பவில்லை. அவர் ஜாக்காவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் பெஹ்ராமி என்றே நினைக்கிறேன்.

இந்தச் சந்தேகம் வீரர்களுடைய தலைமயிர் வரைக்கும் போயிருக்கிறது. 2021இல் ஜாக்காவும் அகாஞ்சியும் தலைமயிரைப் பொன்னிறமாக்கியதும், சிகையலங்காரக்காரரை அணியின் தங்குமிடத்துக்கு அழைத்ததும் சுவிஸ் பத்திரிகைகளில் நாட்கணக்காக ஓடியது. இத்தாலியிடம் 3-0 தோற்றதும் அது தேசப்பற்றுப் பிரச்சினை ஆனது. தேசிய கீதத்துக்கு யார் வாயசைக்கிறார்கள், யார் அசைக்கவில்லை என்று கமெரா ஒவ்வொரு முகமாகப் போகும். கிளாரஸ் மாநிலத்தில் பிறந்த ஃப்ரொய்லர் மோசமாக ஆடினால் அன்று மோசமாக ஆடினார் என்பார்கள். ஜாக்கா மோசமாக ஆடினால் அவருடைய மனம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். பத்துப் போட்டிகள் பார்த்தால் இந்த வித்தியாசம் காதில் விழும்.

ஜாக்காவும் தன் பக்கத்தில் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். 2022 டிசம்பர் 2ஆம் திகதி டோஹாவில் மீண்டும் சேர்பியா. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், கொசோவோவைத் தங்கள் நிலமாகக் காட்டும் கொடியைச் சேர்பிய வீரர்கள் உடைமாற்றும் அறையில் தொங்கவிட்டிருந்தார்கள். போட்டியில் சுவிஸ் 3-2 என்று வென்றது. வெற்றிக் கோல் ஃப்ரொய்லருடையது. ஆட்டத்தின் இடையில் ஜாக்கா சேர்பிய வீரர்களின் இருக்கைப் பக்கம் பார்த்துச் செய்த சைகை அநாகரிகமானது. ஆட்டம் முடிந்ததும் அவர் தன் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டார். முன்பின்னாக, பெயர் நெஞ்சில் தெரியும்படி. அதில் எழுதியிருந்தது: யஷாரி.

அது ஆர்டொன் யஷாரியின் சட்டை. அப்போது அவருக்கு 20 வயது, லூசேர்ன் கழகத்தில் விளையாடிக்கொண்டிருந்தார், குழுவில் ஆக இளையவர்களில் ஒருவர். தோழருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றினேன், அவ்வளவுதான் என்றார் ஜாக்கா. சேர்பியர்கள் அதை நம்பவில்லை. கொசோவோவில் பலரும் நம்ப விரும்பவில்லை. காரணம், ஆதெம் யஷாரி என்ற பெயர். கொசோவோ விடுதலைப் படையைத் தொடக்கியவர்களில் ஒருவர். 1998 மார்ச்சில் பிரெக்காஸ் கிராமத்தில் அவருடைய வீட்டைச் சேர்பியப் படைகள் சுற்றிவளைத்து அடித்தன. அவரோடு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் அவருடைய குடும்பத்தவர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. சேர்பியாவுக்கு அவர் பயங்கரவாதி. பிறிஸ்டினா விமான நிலையத்துக்கு இன்று அவருடைய பெயர்.

ஆர்டொன் யஷாரி சுவிசில் சூக் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் வேர் வடமசிடோனிய அல்பேனியர்களிடம். தன் முதுகில் இருப்பது தகப்பன் வழி வந்த பெயர். அதை ஒரு மூத்தவர் எடுத்து நெஞ்சில் போட்டதும் உலகம் முழுக்க அந்தப் பெயரைத் தேடிப்பார்த்தது. அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா? மூன்று வருடம் கழித்து இன்று, ஜாக்காவின் இடத்தை நிரப்பக்கூடியவர் யார் என்று சுவிஸ் ரசிகர்கள் பேசும்போது முதலில் சொல்வது இவருடைய பெயரைத்தான். பந்தை வாங்கும்போதே திரும்பும் உடல், இரண்டு காலாலும் அனுப்பும் திறமை, ஓடும் நுரையீரல். இதைப் பற்றி மட்டும் பேசப்படும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் ஜாக்காவை அகற்றினாலும், ஜாக்காவால் அகற்றப்பட்டாலும், அந்தச் சட்டை திரும்பவும் வெளியே வரும்.

இங்கே என்னுடைய ஒரு நினைவைச் சொல்ல வேண்டும். 2009இல் எனக்கு 18 வயது. நாங்கள் இருந்த முகாமில், கூடாரங்களுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில் கொஞ்சம் வெளி இருந்தது. யாரோ ஒரு தொண்டு நிறுவனத்தார் கொடுத்த பந்து. பின்னேரத்தில் ஊர் ஊராக அணி பிரித்து விளையாடுவோம். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குத் தொடையில் ஷெல் துண்டு. முன்னர் பள்ளிக்கூட அணியில் மிக நன்றாக விளையாடியவன். அவனுடைய வீட்டில் அவனும் தாயும்தான் மிஞ்சியிருந்தார்கள். அவனை நடுவில் விடுவோம். நடுவில் நின்றால் அதிகம் ஓடத் தேவையில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். எதிரணியும் அவனிடமிருந்து பந்தைப் பறிக்காது. இப்படிக் கொஞ்ச நாள் போனது. ஒருநாள் அவன் பாதி ஆட்டத்தில் நின்று, “என்னை வெளியில எடுங்கோடா. நான் சரியில்லையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லையோ?” என்று கத்தினான். ஒருவரும் பேசவில்லை. அவன் போய்த் தாங்கியின் நிழலில் இருந்தான். அடுத்த நாள் அவனே நடுவராக வந்தான். விசிலுக்குப் பதிலாக விரலை வாயில் வைத்து ஊதுவான். நாங்கள் செய்யும் பிழைகளுக்கெல்லாம் ஊதினான், ஈவிரக்கமே இல்லாமல்.

அத்தானுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது முகாம். இது உலகக் கிண்ணம்” என்றார்.

சரிதான். ஆனால் இரண்டிலும் ஒரு விசயம் எனக்கு ஒன்றாகத் தெரிகிறது. போரில் அடிபட்டவரையோ அவருடைய பிள்ளையையோ அதற்காக அணியில் வைத்திருப்பதும், அதே காரணத்தைச் சந்தேகமாக்கி வெளியே தள்ளுவதும் ஒரே மேசையில் இருந்து எடுக்கும் முடிவுகள். இரண்டு முடிவிலும் அந்த ஆளின் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. மருமகன், “ஜாக்கா களைச்சிட்டார்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். அவனுடைய ஆக நெருங்கிய நண்பன் கொசோவோக் குடும்பத்துப் பையன். அவனும் அதையே சொல்கிறானாம். அந்தப் பையனின் தகப்பன் எங்கள் அத்தானைப் போலவே கொதிக்கிறாராம். இரண்டு வீட்டிலும் ஒரே சண்டை, இரண்டு மொழிகளில்.

ஆனால் மருமகனிடம் நான் முழுதாக உடன்படவும் இல்லை. அவனால் இவ்வளவு இலகுவாகச் சொல்ல முடிவது, ஜாக்கா போன்றவர்கள் பத்துப் பதினைந்து வருடம் வசவு வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் நின்றதால்தான். சுவிசில் சுமார் ஐம்பதாயிரம் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நாட்டின் ஆண்கள் தேசிய அணியில் ஒரு தமிழ்ப் பெயரை நான் இன்னும் பார்த்ததில்லை. 2018இல் லண்டனில், அங்கீகாரம் இல்லாத தேசங்களுக்கான கொனிஃபா போட்டியில் புலம்பெயர்ந்த தமிழ்ப் பையன்கள் சேர்ந்து தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணியாக விளையாடினார்கள். அது வேறு கதை, வேறு கட்டுரை. இங்கே சொல்ல வருவது, நாளைக்கு ஒரு தமிழ்ப் பையன் சுவிஸ் மத்தியகளத்தில் இறங்கினால், அவனிடமும் கீதத்துக்கு வாயசைத்தாயா என்று கேட்பார்கள் என்பது. நாங்களும் சும்மா இருக்கமாட்டோம். கோலடித்துவிட்டு எங்களுக்காக என்ன சைகை காட்டினாய் என்று கேட்போம். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் பந்தை மட்டும் உதைக்க அவனை விடுவோமா?

நவம்பர் 18ஆம் திகதி பிறிஸ்டினாவில் கொசோவோவும் சுவிசும் 1-1 என்று முடித்த போட்டியை நம் நேரப்படி அதிகாலை ஒன்றேகாலுக்கு இருந்து பார்த்தேன். கொசோவோ வரலாற்றில் முதன்முறையாக உலகக் கிண்ணத்தின் மேலதிகத் தகுதிச் சுற்றுக்குப் போனது. அன்று கொசோவோவின் கோலை அடித்த ஃபுளொரென்ட் முஸ்லியா ஜேர்மனியில் பிறந்தவர். அந்த அணியிலும் பலர் இப்படித்தான், தகப்பன்மார் ஓடிப்போன நாடுகளில் பந்தைப் பழகியவர்கள். 2023இல் அதே ஊரில் 2-2 என்று முடிந்தபோது பயிற்சியில் வேகம் போதாது என்று ஜாக்கா பகிரங்கமாகக் குறை சொல்லி, யாக்கினோடு பெரிய முறுகல் வந்தது. அந்த முறுகலில் எனக்கு ஒரு விசயம் பிடித்திருந்தது. பெற்றோரின் மண்ணில் நின்றுகொண்டு, துருக்கிய வேர் உள்ள ஒரு பயிற்றுவிப்பாளரோடு அவர் சண்டை பிடித்தது சுவிஸ் அணி போதுமான அளவு ஓடவில்லை என்பதற்காக.

கனடாவுக்கு எதிராக என்ன செய்வது? ஜெஸி மார்ஷின் அணி பந்து போன அடுத்த நொடியே பாய்ந்து விழும் அணி. இடதுபக்கத்தில் அல்போன்சோ டேவிஸ் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. லைபீரியப் போரிலிருந்து தப்பிய பெற்றோருக்கு கானாவின் அகதி முகாமில் பிறந்தவர் அவர் என்பதை அத்தானுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குக் கைதட்டுவது என்று தடுமாறுவார். அப்படிப் பாயும் அணிக்கு எதிராகத்தான் பந்தை நிதானமாக வைத்திருக்கும் ஒருவர் வேண்டும் என்பது என் கணிப்பு. ஆகவே ஜாக்கா தொடங்கட்டும். பக்கத்தில், கால் முழுதாகக் குணமானால், யஷாரி. குணமாகாவிட்டால் ஃப்ரொய்லர். அவர்களுக்கு முன்னால் மன்ஸாம்பி. அறுபது, அறுபத்தைந்து நிமிடத்தில் ஜாக்கா களைத்தால் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். கட்டாருக்கு எதிரான போட்டியில் அவருக்கு முழு ஓய்வு கொடுத்தாலும் பிழையில்லை. குழுவின் நான்காவது அணி மேலதிகத் தகுதிச் சுற்றில் இருந்து வர வேண்டும் என்பதால் அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

இந்தப் பட்டியலை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். மருமகன் கட்டைவிரலை அனுப்பினான். அத்தான் குரல்பதிவு அனுப்பினார்: “அறுபதாவது நிமிசம் ஆர் சொன்னது? உனக்கு ஆர் படிப்பிச்சது தம்பி? எம்பதாக்கு.” பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: “சரி, எழுவத்தஞ்சு.”

மார்ச் மாத நட்புப் போட்டிகளில் யாக்கின் யாரை இறக்குகிறார் என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பேசுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். ஜூன் 24ஆம் திகதி வான்கூவரில் நடக்கும் போட்டிக்கு அத்தான் இப்போதே லீவு கேட்டுவிட்டார். சமையலறையில் அன்று அவருடைய இடத்தில் நிற்க ஒத்துக்கொண்டிருப்பவர் ஒரு சேர்பியராம்.